நகரத்துக் காற்றில் கந்தகம்: எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்று மாசு என்றாலே இப்போது பி.எம். 2.5 என்ற நுண்துகள் கணக்குதான் பேசப்படுகிறது. கந்தகத்தைப் பழைய காலத்துப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டார்கள். தரக் குறியீட்டுப் பலகையில் சல்பர் டை ஆக்சைடுக்கு நேரே சிறிய எண்ணைப் பார்த்ததும், ‘நம் ஊரில் கந்தகத் தொல்லை இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த முடிவு பல நேரங்களில் தவறு. வாயுவாகப் புறப்படும் கந்தகம் வழியில் துகளாக மாறி, வேறொரு பெயரில் வந்து சேர்கிறது. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு செய்தியைச் சுற்றியவைதான்.

நகரக் காற்றில் கந்தகம் என்னென்ன வடிவில் இருக்கிறது?

முக்கியமாக மூன்று வடிவங்கள். எரிபொருள் எரியும்போது வரும் சல்பர் டை ஆக்சைடு. அது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் சல்பேட் துகள். சாக்கடை, குப்பைமேடு, சில ஆலைகளிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு. முதல் இரண்டும் ஒரே பொருளின் இளமையும் முதுமையும். அவற்றைச் சேர்த்துப் பார்க்காத எந்தக் கணக்கும் அரைக்கணக்குதான்.

மூலம் எது? இவ்வளவு கந்தகம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் கச்சா எண்ணெயின் அடிக்கசடிலிருந்தும். பூமிக்கடியில் அவை உருவானபோதே கந்தகமும் உடன் சேர்ந்துவிட்டது. எரித்தால் அது எங்கும் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கந்தகம் 0.5 சதவீதமே உள்ள, ‘குறைந்த கந்தகம்’ என்று விற்கப்படும் நிலக்கரியில் 1,000 டன் எரிந்தால் 5 டன் கந்தகம் வெளிவருகிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்ததும் எடை இரட்டிப்பாகி ஏறத்தாழ 10 டன் சல்பர் டை ஆக்சைடு. சாம்பலில் தங்குவது மிகச் சிறு பங்குதான். அந்த 10 டன் முழுதும் காற்றில் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் துகளானால், எடை மறுபடியும் இரட்டித்து 20 டன்னைத் தாண்டும். பெரிய அனல் மின் நிலையம் ஒன்று நாளொன்றுக்கு எரிப்பது பல ஆயிரம் டன் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இடம் உலோக உருக்காலைகளுக்கு. செம்புத் தாதுக்களில் முக்கியமான சால்கோபைரைட்டில் செம்பும் கந்தகமும் ஏறக்குறைய சம எடையில் இருக்கின்றன. ஒரு டன் செம்பு பிரித்தால் ஏறத்தாழ ஒரு டன் கந்தகமும் விடுபடும். ஆலை அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி விற்கிறதா, புகைபோக்கி வழியே விடுகிறதா என்பதில்தான் சுற்றியிருக்கும் ஊர்களின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, கந்தக அமிலத் தொழிற்சாலை, காகிதக்கூழ் ஆலை, செங்கல் சூளை, ஃபர்னஸ் ஆயில் என்ற அடிக்கசடு எண்ணெயை எரிக்கும் சிறு கொதிகலன்கள் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

வாகனங்கள்தான் முதல் காரணம் என்கிறார்களே?

நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் கரித்துகளுக்கும் அது பொருந்தும். கந்தகத்துக்கு, எரிபொருள் தரம் உயர்ந்த ஊர்களில் பொருந்தாது. பல நாடுகளில் சாலை டீசலின் கந்தக வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே. அதே நகரத்தில் ஃபர்னஸ் ஆயிலில் ஓடும் ஒரே ஒரு கொதிகலன், ஆயிரக்கணக்கான வாகனங்களை விட அதிகக் கந்தகத்தை வெளியேற்றக்கூடும். சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கூரை மேலிருக்கும் புகைக்குழாய் கண்ணில் படாது.

துறைமுக நகரங்களுக்குத் தனிப் பிரச்சினை உண்டா?

உண்டு, நெடுங்காலம் கவனிக்கப்படாமலே இருந்தது. 2019 முடியும் வரை கடலில் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்பதே உலகளாவிய விதி. மேலே சொன்ன சாலை டீசலோடு ஒப்பிட்டால் 3,500 மடங்கு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி 1 முதல் அதை 0.5 சதவீதமாகக் குறைத்தது. பால்டிக் கடல், வட கடல், வட அமெரிக்கக் கரையோரம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015 முதலே வரம்பு 0.1 சதவீதம்.

கப்பல் நங்கூரமிட்டு நின்றாலும் அதன் துணை எஞ்சின்கள் நிற்பதில்லை. விளக்கு, குளிர்பதனம், பம்பு எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். பகலில் கடல்காற்று அந்தப் புகையை நேராக ஊருக்குள் தள்ளும். இரவில் நிலக்காற்று அதைக் கடலுக்குத் திருப்பி அனுப்பும். மறுநாள் கடல்காற்றோடு அது ஊருக்குள் திரும்பி வரும். இப்படி ஒரே புகை இரண்டு மூன்று நாள் கரையோரம் போய்வந்து கொண்டிருக்கும்போது, அதற்குள் உள்ள கந்தகம் சல்பேட்டாக மாறப் போதிய நேரம் கிடைத்துவிடுகிறது.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது சல்பர் டை ஆக்சைடா?

இல்லை. அது ஹைட்ரஜன் சல்பைடு. மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். சல்பர் டை ஆக்சைடின் வாடை வேறு: தீக்குச்சி உரசிய கணத்தில் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதே, அது. அந்த வாடை தெரியத் தொடங்கும் அளவு, பாதுகாப்பான அளவுக்கு மேலேயே இருக்கிறது. வாடை இல்லை என்பதால் காற்று சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உயரமான புகைபோக்கி கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

ஆலை வாசலில் தீரும். வேறொருவர் தலையில் விழும். 1960களிலும் 70களிலும் உலகம் முழுவதும் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். கனடாவின் சட்பரி நகரில் நிக்கல் உருக்காலைக்கு 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுந்தது. பல பத்தாண்டுகளாகப் புல் பூண்டு கருகிக் கிடந்த சட்பரியின் காற்று தெளிந்தது உண்மை. ஆனால் அந்த உயரத்தில் விட்ட கந்தகம் காற்றோடு வெகுதூரம் போனது.

ஐரோப்பாவில் இதன் விளைவு இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஸ்வீடன், நார்வே ஏரிகளில் மீன்கள் அற்றுப்போயின. பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரித்த நிலக்கரியின் கந்தகம்தான் தங்கள் மழையில் அமிலமாக விழுகிறது என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே ஓடேன் 1960களின் இறுதியில் எடுத்துரைத்தபோது நம்பாதவர்களே அதிகம். பிறகு நாடுகள் சேர்ந்து அளந்து பார்த்தன; அவர் சொன்னது உறுதியானது. 1979இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு குறித்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1985இல் ஹெல்சிங்கி நெறிமுறை, கந்தக வெளியேற்றத்தை 30 சதவீதம் குறைக்க உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்தியது. உயரத்தைக் கூட்டுவது கந்தகத்தை ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, எவ்வளவு தூரம் போகும்?

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. காரணம், பயணம் போகும் பொருளே வழியில் மாறுகிறது. சல்பர் டை ஆக்சைடு காற்றில் பொதுவாக ஓரிரு நாட்கள் இருக்கும். வினாடிக்கு 5 மீட்டர் என்ற மிதமான காற்றில் ஒரு நாளில் அது 430 கிலோமீட்டர் கடந்துவிடும். சல்பேட் துகளாக மாறியபின் ஆயுள் கூடுகிறது. மழை வந்து கழுவும்வரை பல நாட்கள் மிதக்கும். ஆயிரம் கிலோமீட்டர் அதற்குப் பெரிய தூரமே அல்ல.

இதை ஊகமாக இல்லாமல் அளந்து காட்டிய ஆய்வு, 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சுற்றி நடந்தது. கருவிகள் ஏற்றிய விமானங்கள், நகரத்தின் புகைத்திரளையும் அருகிலிருந்த லபாடி மின் நிலையத்தின் புகைத்திரளையும் குறுக்காக வெட்டி வெட்டிப் பறந்து, காற்றின் திசையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்தொடர்ந்தன. நண்பகல் நேரத்தில் மணிக்கு 1 முதல் 4 சதவீதம் சல்பர் டை ஆக்சைடு சல்பேட்டாக மாறுவதும், இரவில் அது 0.5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவதும் தெரியவந்தன. பகலில் சூரிய ஒளியால் உருவாகும் ஹைட்ராக்சில் என்ற வேகமான மூலக்கூறு இந்த வேலையைச் செய்கிறது. இரவில் அது இல்லை.

ஆனால் இரவை லேசாக எண்ண வேண்டாம். இரவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று ஒரு மூடிபோல் அமைந்துவிடும். உயரப் புகைபோக்கியின் புகை அந்த அடுக்குக்கு மேலே, தரையைத் தொடாமல், மரத்திலும் மண்ணிலும் படிந்து குறையாமல், மேலடுக்குக் காற்றின் வேகத்தில் ஓடும். விடிந்து தரை சூடேறியதும் மேலும் கீழும் கலந்து, நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் இறங்கும். அங்கே அதைச் சுவாசிப்பவருக்கு அந்தப் புகைபோக்கி இருப்பதே தெரியாது.

எங்கள் பகுதி அளவீட்டுக் கருவியில் காலை 8 மணிக்கு மேல் திடீரென்று ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடுகிறதே?

முந்தைய பதிலில் சொன்ன கலப்புதான். மேலே தேங்கியிருந்த புகை ஒரே மூச்சில் கீழே கொட்டுகிறது. வாகன நெரிசல் நேரமும் அதுவே என்பதால் பழி சாலைக்குப் போய்விடும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது: அதே நேரத்தில் கார்பன் மோனாக்சைடு அளவையும் பாருங்கள். அதுவும் சேர்ந்து ஏறினால் சாலையின் பங்கு உண்டு. சல்பர் டை ஆக்சைடு மட்டும் செங்குத்தாக ஏறினால் பார்வை புகைபோக்கிப் பக்கம் திரும்ப வேண்டும்.

மூடியின் உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 30 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம் உள்ள நகரத்தில் காற்றே நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 10 டன் சல்பர் டை ஆக்சைடு 1,000 மீட்டர் உயரம் வரை கலந்தால் கனமீட்டருக்குச் சுமார் 11 மைக்ரோகிராம். 200 மீட்டரில் மூடி விழுந்தால் சுமார் 55. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி அளவு, 24 மணி நேர சராசரிக்கு 40. ஆலை கூடுதலாக ஒரு கிலோ நிலக்கரி எரிக்கவில்லை. வானம் தாழ்ந்தது, அவ்வளவுதான்.

மூடுபனி நாட்களில் நிலைமை மோசமாவது ஏன்?

நீர்த்துளிக்குள் வேதிவினை பன்மடங்கு வேகம் பிடிக்கும். சல்பர் டை ஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும். துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் சில மணி நேரம்கூட வேண்டாம், மேகத்துக்குள்ளேயே சல்பேட்டாகிவிடும். இரும்பு, மாங்கனீசு கலந்த தூசியும் இதைத் தூண்டும். துளி காய்ந்தபின் மிஞ்சுவது சல்பேட் துகள். அந்தத் துகள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்; பருத்தால் ஒளியை அதிகம் சிதறடிக்கும். ஈரப்பதம் மிகுந்த காலையில் எதிர்க் கட்டடம் வெள்ளையாக மங்கித் தெரிவதில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு.

இதன் கொடிய உதாரணம் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது. குளிர், காற்றில்லாத நிலை, வீடுதோறும் நிலக்கரி அடுப்பு, நகருக்குள்ளேயே மின் நிலையங்கள். அப்போதைய மதிப்பீடு சுமார் 4,000 மரணங்கள். பின்னாளில் மறுபடி ஆராய்ந்தவர்கள், அடுத்த சில மாதங்களையும் சேர்த்து 12,000 வரை என்றார்கள். தூய காற்றுச் சட்டம் 1956இல் வந்தது. அதற்கு முன்பே, 1930இல் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கிலும், 1948இல் அமெரிக்காவின் டொனோரா என்ற சிற்றூரிலும் இதே காட்சி சிறிய அளவில் நடந்திருந்தது. இரண்டு எச்சரிக்கைகள் கிடைத்தும் லண்டன் தயாராகவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

சல்பர் டை ஆக்சைடு அளவு வரம்புக்குள் இருக்கிறது. அப்படியானால் ஏன் கவலை?

வாயுவை அளக்கும் கருவி, புற ஊதா ஒளி பட்டதும் அந்த மூலக்கூறு உமிழும் ஒளியை அளக்கிறது. சல்பேட் துகள் அதற்குத் தெரியாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் கந்தகத்தில் பெரும்பங்கு வழியிலேயே துகளாகியிருந்தால், வாயுவின் எண் குறைவாகவும் பி.எம். 2.5 உயர்ந்தும் காட்டும். பலகையைப் பார்ப்பவர் ‘தூசி அதிகம், கந்தகம் இல்லை’ என்பார். துகளை வடிதாளில் பிடித்து, அதில் சல்பேட் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தச் சோதனை ஒழுங்காக நடக்கும் நகரங்கள் குறைவு. என் பார்வையில், இன்னும் பத்து வாயுக் கருவிகள் வைப்பதைவிட இரண்டு இடங்களில் தினசரி சல்பேட் அளப்பது மேல்.

சுருக்கமாக ஒரு விதி: அருகிலிருக்கும் தாழ்வான மூலம் வாயுவாகத் தாக்கும்; தொலைவிலிருக்கும் பெரிய மூலம் துகளாகத் தாக்கும்.

யாருடைய கந்தகம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவு முடியும். ஒவ்வொரு மணி நேர அளவையும் அந்நேரக் காற்றுத் திசையோடு சேர்த்து வட்ட வரைபடமாக்கினால், எந்தத் திசையிலிருந்து காற்று வரும்போது அளவு ஏறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். இரண்டு நிலையங்களில் இப்படிச் செய்து, திசைக் கோடுகள் வெட்டும் இடத்தைப் பார்த்தால் மூலத்தின் அருகே போய்விடலாம். தொலைதூர மூலங்களுக்கு, காற்று கடந்த மூன்று நான்கு நாட்களில் எந்தெந்த வழியே வந்தது என்று பின்னோக்கிக் கணிக்கும் மாதிரிகள் இருக்கின்றன.

துகளின் சேர்மானமும் சாட்சி சொல்லும். கப்பலின் கனரக எண்ணெய் எரிந்தால் வனேடியமும் நிக்கலும் சேர்ந்து வரும். 2020க்குப் பிறகு எண்ணெயின் தன்மை மாறியதால் அந்த அடையாளம் மங்கிவிட்டது. பழைய விகிதங்களை அப்படியே பயன்படுத்தினால் கப்பலின் பங்கு குறைத்துக் காட்டப்படும். செயற்கைக்கோள்களும் உதவுகின்றன. 2017இல் ஏவப்பட்ட சென்டினல் 5பி-யின் ட்ரோபோமி கருவி, பெரிய மின் நிலையங்களின், உருக்காலைகளின் கந்தகத்தை மேலிருந்தே காண்கிறது. வெளியேற்றத்தை ஆலை குறைத்துக் காட்டினாலும் வானத்திலிருந்து மறைக்க முடியாது.

எரிமலையும் காரணமாகலாமா?

ஆகலாம். 2014 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரவுன் வெடிப்பு தொடங்கிய சில நாட்களில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அயர்லாந்தின் கருவிகள் சல்பர் டை ஆக்சைடு உயர்வைப் பதிவு செய்தன. ஆனால் இது அபூர்வம். ஆண்டு முழுக்க உயர்ந்திருக்கும் அளவுக்கு எரிமலையைக் கைகாட்டுவது, எரிமலை அருகில் இல்லாத ஊரில் வெறும் சாக்கு.

மழை பெய்தால் எல்லாம் போய்விடும் அல்லவா?

காற்றிலிருந்து போகும், மண்ணுக்கும் நீருக்கும் போய்ச்சேரும். மழையே இல்லாவிட்டாலும் ஈரமான இலை, சுவர், ஏரி நீர் எல்லாம் வாயுவை நேரடியாக உறிஞ்சும். சுண்ணாம்புக்கல், பளிங்குச் சுவர்களில் அது ஜிப்சமாக மாறுகிறது. மழை படாத விளிம்புக்குக் கீழே, சிற்பத்தின் தாடைக்கு அடியில், கருத்துத் தடித்த பொருக்கு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகைக்கரியைப் பிடித்துவைத்த ஜிப்சம் அது. பொருக்கு உதிரும்போது செதுக்கிய முகமும் சேர்ந்து உதிரும்.

உயிருள்ள சாட்சியும் உண்டு. மரப்பட்டையில் படரும் லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்கள்) சல்பர் டை ஆக்சைடைத் தாங்காது. பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவின் லைக்கன்களை ஆராய்ந்த பின்லாந்துத் தாவரவியலாளர் நைலாண்டர், அவற்றைக் காற்றின் தூய்மைக்கு அளவுகோலாகக் கொள்ளலாம் என்று 1866இலேயே எழுதிவிட்டார்.

உடம்புக்கு என்ன செய்யும்? முகக்கவசம் போதுமா?

ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் இறுகும். ஓடும்போதும் விளையாடும்போதும் வாய்வழி மூச்சு விடுவதால் வாயு இன்னும் ஆழமாகப் போகும். அதனால்தான் 10 நிமிட சராசரிக்கென்றே கனமீட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்ற தனி வழிகாட்டி அளவை உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. சல்பேட் துகள் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கும் நுண்துகள்களில் ஒன்று. என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ள குழந்தையை, புகை இறங்கும் காலை நேரத்தில் ஓடவிடாமல் இருப்பதே கவசத்தைவிடப் பயன் தரும்.

குறைக்க எது உண்மையில் பலன் தருகிறது?

எரிக்கும் முன்பே கந்தகத்தை எடுப்பது, அல்லது எரித்த புகையைக் கழுவுவது. கழுவும் முறையில், அரைத்த சுண்ணாம்புக்கல்லை நீரில் கரைத்துப் புகையின் எதிரே பொழிவார்கள். வாயு அதில் பிடிபட்டு ஜிப்சமாகிறது. கட்டட வேலைக்கும் அது பயன்படும். நன்றாக ஓடும் நிலையம் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். கட்டி வைத்துவிட்டு ஓட்டாமல் இருந்தால் பூஜ்யம். அதனால் கருவி இருக்கிறதா என்பதைவிட, எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள்.

எரிபொருளை மாற்றியதால் வந்த பலனுக்குச் சிறந்த சான்று ஹாங்காங். 1990 ஜூலையில், எரிபொருள் எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதித்தார்கள். சல்பர் டை ஆக்சைடு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சுவாச, இதய நோய் மரணங்களும் குறைந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரு எச்சரிக்கை. நகரம் தன் சொந்த வாயுவைப் பாதியாகக் குறைத்தாலும் சல்பேட் பாதியாகாது. வெளியிலிருந்து வரும் பங்கு அப்படியே இருக்கும். பெராக்சைடு பற்றாக்குறையால் முன்பு மாறாமல் இருந்த வாயு இப்போது மாறும் வாய்ப்பும் உண்டு. இதைக் காட்டி ‘குறைத்தும் பயனில்லை’ என்பவர்கள் உண்டு. சுற்றியுள்ள பகுதி முழுதும் சேர்ந்து குறைக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

கந்தகத்தைக் குறைத்தால் பூமி கூடுதலாகச் சூடேறும் என்கிறார்களே?

சல்பேட் துகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெப்பத்தில் ஒரு பகுதியை மறைத்துவைத்திருக்கிறது என்பது சரி. அந்த வெப்பம் உருவானது கார்பன் டை ஆக்சைடால். குறைக்க வேண்டியது அதை. பிள்ளைகளின் நுரையீரலைக் குடையாகப் பிடித்துப் பூமிக்கு நிழல் தருவதை நான் ஏற்கமாட்டேன்.

எங்கள் பகுதியில் வாடை வருகிறது. புகார் கொடுக்கும் முன் என்ன குறித்துவைக்க வேண்டும்?

தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, வாடை தீக்குச்சியுடையதா முட்டையுடையதா, யாருக்கு இருமலோ மூச்சிரைப்போ வந்தது. அதே மணி நேரத்துக்கு அருகிலுள்ள நிலையத்தின் சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, பி.எம். 2.5 அளவுகளை இறக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். 24 மணி நேர சராசரியை மட்டும் தந்து பதில் அனுப்பினால் ஏற்க வேண்டாம். அரை மணி நேர உச்சம் அதில் கரைந்துபோய்விடும். மணிவாரி அளவையும், முடிந்தால் 15 நிமிட அளவையும் எழுத்தில் கேளுங்கள். வெவ்வேறு தெருக்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் தனித்தனியே எழுதிய குறிப்புகள் இருந்தால், எந்தத் தெருவில் முதலில் வாடை வந்தது என்பதை வைத்தே புகை வந்த வழியை வரைந்து காட்டலாம்.